மிதிவண்டி முழுவதும் நம்முடையதா?

கூனிமேடு, மரக்காணம் பக்கத்து உப்பளங்களுக்கு விடியற்காலையில் வேலைக்குச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பலர் மிதிவண்டியில்தான் செல்வார்கள். பின்னால் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு தொங்கும். வண்டியைப் பாத்தியின் வரப்போரம் சாய்த்து வைத்துவிட்டு உப்பு வாரத் தொடங்குவார்கள். அந்த வண்டியைச் சற்று உற்று நோக்குங்கள். மட்கார்டின் ஓரத்தில் துரு, ரிம்மில் புள்ளி புள்ளியாகச் செந்நிறம். ஆயினும் வண்டி ஓடுகிறது.

சாதாரணமாகத் தோன்றும் இந்த வண்டியைப் பற்றி ஒரு கேள்வி. இதன் எல்லாப் பாகங்களையும் நம் நாட்டிலேயே செய்துவிட முடியுமா? "இதிலென்ன சந்தேகம்!" என்பீர்கள். ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. காரணம் என்ன என்பதைக் காண்போம்.

பூட்டுவது வேறு, செய்வது வேறு

ஒரு காலத்தில் நம் ஊர்களில் ஓடிய ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1930களின் இறுதியில்தான் பம்பாய், பாட்னா போன்ற இடங்களில் மிதிவண்டித் தொழில் தலைகாட்டியது. இரண்டாம் உலகப் போர் மூண்டு கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, ஓர் உதிரிப் பாகத்துக்காகக்கூடப் பிற நாட்டை எதிர்பார்த்திருப்பது எத்தகைய தொல்லை என்பது விளங்கிற்று.

விடுதலைக்குப் பின் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. ஆனால் வந்திறங்கும் பாகங்களைப் பூட்டி வண்டியாக்குவது ஒரு வேலை. அப்பாகங்களையே செய்வது முற்றிலும் வேறு வேலை. தொடர்ந்து வந்த ஆண்டுகளைப் பாருங்கள். 1955இல் ஆவடியில் எஃகுக் குழாய் செய்ய டியூப் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா. 1960இல் சங்கிலி செய்ய டி.ஐ. டயமண்ட் செயின். குழாய்க்கு ஒரு தொழிற்சாலை, சங்கிலிக்கு ஒரு தொழிற்சாலை! வடக்கே லூதியானாவில் சிறு பட்டறைகள் பலவும் ஆளுக்கொரு பாகத்தைச் செய்யக் கற்றன. 1956இல் அங்குத் தோன்றிய ஹீரோ சைக்கிள்ஸ் அவற்றின் நடுவே வளர்ந்ததுதான்.

குழாய் ஏன்?

சட்டத்தைக் குழாயால் செய்வானேன்? கெட்டிக் கம்பியால் செய்தால் என்ன? ஒரு கணக்குப் போடுவோம். வெளிவிட்டம் 25.4 மில்லிமீட்டரும் சுவர்த் தடிமன் 1.6 மில்லிமீட்டரும் உள்ள ஓர் எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதே எடையும் நீளமும் உள்ள கெட்டிக் கம்பியின் விட்டம் சுமார் 12.3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டிலும் உலோகம் ஒரே அளவு. ஆனால் வளைவை எதிர்ப்பதில் குழாய் கம்பியைப் போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு விறைப்பானது. வளைக்கும்போது மையத்திலிருந்து தள்ளியிருக்கும் உலோகமே அதிகம் உழைக்கிறது. நடுவிலுள்ள உலோகம் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. மூங்கில் உள்ளீடற்று நிற்பதும் இதே தத்துவப்படிதான்.

இத்தகைய குழாய் செய்ய, ஒரே சீரான தடிமனுள்ள எஃகுப் பட்டை வேண்டும். பட்டையை உருளைகளின் இடையே செலுத்திச் சுருட்டி, விளிம்புகளை மின்சாரத்தால் சூடேற்றி அழுத்தி இணைக்கிறார்கள். பட்டையில் கோளாறு இருந்தால் இணைப்பு வாய் பிளக்கும். ஆகவே நல்ல குழாய்க்கு முன்னால் நல்ல எஃகு ஆலை வேண்டும். 1959இல் உலை மூட்டப்பட்ட ரூர்கேலா ஆலை இத்தகைய தகடு, பட்டை வகைகளுக்கென்றே திட்டமிடப்பட்டது.

ஐந்நூற்று அறுபது துண்டுகள்

சங்கிலிக்கு வருவோம். சாதாரண வண்டியின் சங்கிலியில் 112 கண்ணிகள் இருக்கும். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். தகடுகள், ஊசிகள், புஷ்கள், உருளைகள் எல்லாவற்றையும் எண்ணினால் 560 துண்டுகள் வரும்!

ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்மானம் ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் 112 மூட்டுகளிலும் சேர்ந்தால் சங்கிலி 11 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். பிறகு அது பற்சக்கரத்தின் பல்லில் சரியாக உட்காராது. மேட்டில் ஏறும்போது நழுவும். எனவே தேய்வைத் தாங்கும்படி ஊசியின் மேற்பரப்பு கடினமாக இருக்க வேண்டும். முறியாமலிருக்க உட்பகுதி சற்று மென்மையாக இருக்க வேண்டும். ஒரே ஊசியில் இரு குணங்கள்! இதற்குரிய வெப்பப் பதனிடு முறையைக் கைவரப் பெறுவதுதான் கடினம்.

அச்சினுள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளின் நிலையும் இதுவே. வரிசையில் ஒரு குண்டு மட்டும் சற்றே பெரியதாக இருந்தால் சுமையின் பெரும்பகுதி அதன் தலையில் விழும்; அது விரைவில் செதில் செதிலாகப் பெயரும். ஆகவே குண்டுகளை இழைத்து, பதனிட்டு, மெருகேற்றி, அளவு வாரியாகத் தரம் பிரிக்க வேண்டும். 1946இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட நேஷனல் பேரிங் கம்பெனி இத்தகைய நுண்மையான வேலைக்கு நம் நாட்டில் முன்னோடியாயிற்று. டயருக்கோ 1936இலேயே வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை வந்துவிட்டது.

உப்புக் காற்றின் பரீட்சை

இப்படிப் பாகங்களைச் செய்தாயிற்று. இனி, கூனிமேட்டுக் கடற்காற்று அவற்றைச் சோதிக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். சுத்திகரிக்கப்படாத உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் வறண்ட காற்றிலேயே ஈரத்தை இழுக்கும். ஆகவே உப்புப் படிந்த வண்டி, மழையே பெய்யாவிட்டாலும் இரவெல்லாம் நனைந்தபடி இருக்கிறது. அந்த உப்புநீர்ப் படலம் ஒரு மின்கலத்தின் திரவம் போல வேலை செய்கிறது. இரும்பு அதில் கரைந்து துருவாகிறது.

பளபளக்கும் ரிம்மில் இருப்பது நிக்கல் மீது பூசிய குரோமிய முலாம். முலாமில் நுண்ணிய துளை விழுந்தால் அங்கே தெரியும் இரும்புதான் அரிக்கப்படும்; சுற்றியுள்ள முலாம் அதை விரைவுபடுத்தும். துத்தநாகம் பூசிய ஆரக்காலில் நிகழ்வது நேர்மாறு. அங்கே கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பளபளப்பே பாதுகாப்பாகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

எதுவரை நம்முடையது?

பாகங்கள் இந்தியாவில் செய்தவையே, சரி. குரோமியத்தின் தாது ஒடிசாவின் சுகிந்தாவில் ஏராளமாகக் கிடைக்கிறது. ரப்பர் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் விளைகிறது. ஆனால் நிக்கலைப் பெருமளவு இன்றும் வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறோம். இன்னும் ஆழமாகத் தோண்டினால், பாகங்களைச் செய்யும் இயந்திரம் எங்கே செய்யப்பட்டது என்ற கேள்வியும் எழும். "முழுவதும் உள்நாடு" என்பது ஏணியைப் போன்றது. வண்டியைப் பூட்டுவது முதற்படி. பாகம் இரண்டாம் படி. மூலப்பொருள் மூன்றாம் படி. இயந்திரம் நான்காம் படி. ஒவ்வொரு படியிலும் அறிவு வேண்டும். நிக்கலை வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் ஒரு சங்கிலி ஊசியைப் பதனிடத் தெரியாமல் கையேந்தி நிற்பது நாட்டுக்குக் குறைவு. நாம் கடந்து வந்திருப்பது அந்தக் குறையைத்தான்.

உப்பளம் சென்று வரும் வண்டியைக் காக்க நீங்களும் ஒன்று செய்யலாம். மாலையில் ஒரு குவளை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துணியால் துடைத்து உலர விடுங்கள். பிறகு சங்கிலியில் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். கழுவாமல் எண்ணெய் மட்டும் விட்டால் உப்பு உள்ளேயே தங்கித் தன் வேலையைத் தொடரும். ஐந்நூற்று அறுபது துண்டுகளைச் செய்யப் பட்ட பாட்டை நினைத்தால், இந்த ஐந்து நிமிட உழைப்பு பெரிதாகத் தோன்றாது.