போத்தலுக்குள் இருப்பது என்ன?



பால் திரிந்துபோனால் மூக்கு சொல்லிவிடும். குழம்பு ஊசிப்போனால் நாக்கு சொல்லிவிடும். ஆனால், மூக்கையும் நாக்கையும் ஏமாற்றிவிடும் நஞ்சும் உண்டு. அதை இரசாயன நிபுணர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தனர். அத்தனை உயிர்களையும் பறித்தது மெத்தனால் என்னும் திரவம்.

மதுவில் போதை தருவது எத்தனால். மெத்தனால் அதற்குத் தம்பி முறை எனலாம். இரண்டுக்கும் நிறமில்லை, மணமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், மெத்தனால் தொழிற்சாலைகளுக்கு உரியது, குடிப்பதற்கு உரியதன்று. வயிற்றுக்குள் போனதும் ஈரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைக் கெடுக்கும். இரத்தத்தில் மிகுந்தால் உயிரையே பறிக்கும். 10 மில்லி லிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி மெத்தனால் ஒருவரைக் குருடாக்கப் போதுமானது.

“கொளுத்திப் பார்த்தேன், நீலமாக எரிந்தது; நல்ல சரக்குதான்” என்று சிலர் சொல்வதுண்டு. அதை நம்பாதீர்கள். கலப்பட மதுவில் எத்தனாலும் சேர்ந்தே இருக்குமாதலால் சுடரைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? பெரட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் நிரைக்குக் கிளம்புகிறோம். ஆனால், வழியில் நின்று பேசுபவர் பிந்திப் போகிறார். பேசாமல் நடப்பவர் முந்திப் போகிறார் அல்லவா? ஆய்வுக்கூடத்திலும் இதேதான் நடக்கிறது. ஒரு சொட்டு மதுவைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். அதை ஒரு வாயு, பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்க்குள் தள்ளிச் செல்லும். குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரம் தங்கித் தங்கிப் போகும். மெத்தனால் 65 பாகை செல்சியசில் கொதிப்பது. எத்தனால் 78 பாகையில் கொதிப்பது. ஆகவே, மெத்தனால் முந்தி வெளியேறும். கருவி அதை ஒரு கோட்டில் முகடாக வரைந்து காட்டும். முகடு தோன்றும் நேரம் அது எந்தப் பொருள் என்பதைச் சொல்லும். முகட்டின் பரப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும். இதனை வாயு நிறப்பிரிகை என்பர். இதைப் போன்ற முறைகளைக் கொண்டே உணவிலும் மருந்திலும் உள்ள கலப்படத்தையும் கண்டறிகிறார்கள்.

ஆனால் நேயர்களே, ஆய்வுக்கூடம் நம் லயத்து வாசலில் இல்லை. குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அரை நாளோ ஒரு நாளோ கழிந்த பிறகுதான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும்; கண்முன் பனிமூட்டம் போலத் தெரியும். “போதை இன்னும் தெளியவில்லை, தூங்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மிச்சமிருக்கும் போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்து உண்டு; இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் உண்டு. காலத்தோடு போனால் கண்ணையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவுச் சரக்கை வீட்டுக்குள் வரவிடாமல் இருப்பதே எல்லாவற்றிலும் நல்லது. மீண்டும் சந்திப்போம். வணக்கம்.