கண்மாய் வரைந்த எல்லை

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது திருப்பாலைக்குடி. கிழக்கே பாக் விரிகுடா. ஊரில் பலருக்கும் பிழைப்பு அங்கேதான். ஆனால் பட்டாவில் சிக்கல் என்றால் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே ஆர்.எஸ்.மங்கலம் தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டும். அந்தத் தாலுகா பிரிவதற்கு முன்பு திருவாடானைக்கு. சட்டமன்றத் தொகுதி இன்றைக்கும் திருவாடானைதான்.

முந்தைய தலைமுறையின் அலைச்சல் இதைவிடப் பெரிது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கிய பிறகும், கலெக்டர் ஆபீஸ் பல்லாண்டு காலம் மதுரையிலேயே இருந்தது. சொந்த மாவட்டத்தின் கலெக்டரைப் பார்க்க அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறினார்கள். 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. இந்தக் கரைக்கு அது உண்மையான விடிவு.

ஆனாலும் பிர்க்கா, தாலுகா என்ற இந்த அடுக்கு முழுக்க நிலவரிக்காக எழுந்தது. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை, நாரையும் பறந்து கடக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். அப்படிப்பட்ட கண்மாய்களையும் அவற்றின் ஆயக்கட்டையும் கணக்கில் வைக்கத்தான் கிராமக் கணக்குகள் வந்தன. அடங்கலைப் புரட்டிப் பாருங்கள். ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டு, சர்வே எண், பரப்பு, என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எல்லாம் இருக்கும். வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு கட்டம்கூட இல்லை. கரையோரக் குடிசை நிற்கும் மண் பல இடங்களில் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கும்.

கடலில் மட்டும் எல்லை இல்லையா? இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. அதற்கும் அப்பால், 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் ஆறு புள்ளிகளை இணைத்து வரைந்த கோடு. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது அந்தக் கோட்டால்தான். அதைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். மீனவனின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இந்த எல்லைகளில் ஒன்றுகூட அவன் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரின் வரைபடத்தில் கிடையாது.

புயல் வந்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பயிர்ச் சேதத்தை வருவாய்த்துறை அடங்கலை வைத்து அளந்துவிடும். உடைந்த வள்ளத்துக்கு மீன்வளத்துறையிடம் தனியாக நடக்கவேண்டும். கடலோரக் கிராமங்களின் கணக்கில் படகு, வலை, இறங்குதளம், வலை உலர்த்தும் இடம் எல்லாம் ஏறவேண்டும். ஆண்டுதோறும் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில் வயல் கணக்கைப் போலவே அந்தக் கணக்கையும் விரித்துச் சரிபார்க்கவேண்டும்.