கோட்டையும் பகடையும்

"சுவரில் உடைப்பு. வெளியே யூசுப்கானின் படை. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்கிறார் கதை நடத்துநர். வீரனாக இருப்பவர் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். 3 விழுகிறது. போச்சு!

இப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் ஆட்டத்தை 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்டார்கள். ஆனால் எல்லா நாட்டிலும் அதற்கே முதலிடம் இல்லை. ஜெர்மனியில் 1984இல் ஜெர்மன் மொழியிலேயே வந்த 'தாஸ் ஷ்வார்ட்ஸே ஆகே' அதை விற்பனையில் முந்தியது. சுவீடனுக்கு 1982 முதலே சொந்த மொழியில் சொந்த ஆட்டம். ஜப்பானில் மொழிபெயர்க்கப்பட்ட 'கால் ஆஃப் கதுலு' என்ற திகில் ஆட்டம்தான் கொடிகட்டிப் பறக்கிறது. அங்கே ஆடியதை அப்படியே உரையாடலாக அச்சிட்டு விற்கிறார்கள். 1986இல் அப்படிப் பத்திரிகையில் வந்த ஓர் ஆட்டம் 'லோடாஸ் தீவு' நாவலாகவும் அனிமேஷனாகவும் வளர்ந்தது.

தாய்மொழியில் விதிநூல் கிடைத்த இடத்தில் ஆட்டம் வேர்விட்டது என்பதே இதில் தெரிகிறது. தாயமும் பரமபதமும் உருட்டிய நமக்குப் பகடை புதிதல்ல. கதைக்கும் பஞ்சமில்லை: தொடக்கத்தில் சொன்ன காட்சி கற்பனை, களம் நிஜம். பாளையக்காரர் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர் கோட்டையை 1759 டிசம்பரில் தாக்கிய ஆங்கிலேயக் கம்பெனிப் படைத் தளபதி யூசுப்கான், பிடிக்க முடியாமல் திரும்பினார். இதை வைத்துத் தமிழில் ஒருவர் ஒரு விதிநூல் எழுதிப் பார்க்கலாமே!