உப்புக்காற்றுச் சாலை – 17: ஊர் தாண்டினால் எல்லை

போன வாரம் மரக்காணம் உப்பளத்தில் நிறுத்தினேன். பாத்தியும் வரப்பும் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த வாரம், சொன்னபடி, கூனிமேட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போகிற பிள்ளைகள்.

ஆனால் அவர்கள் போகிற சாலையே என்னைப் பிடித்துக்கொண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி வந்துவிடும். பலகையைத் தேட வேண்டாம், ஒயின் ஷாப்புகளே சொல்லிவிடும். காலாப்பட்டு தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் கடந்து முத்தியால்பேட்டையில் மீண்டும் புதுச்சேரி. டவுனில் இருக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை எல்லை தாண்டியாகிவிடும்.

யார் போட்ட கோடு இது? 1793-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர், 1814 பாரிஸ் உடன்படிக்கையில் திருப்பித்தர ஒப்புக்கொண்டார்கள். 1792 ஜனவரி 1 அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது மட்டும் என்பது கணக்கு. இருந்ததோ துண்டு துண்டான கிராமங்கள். அந்தத் துண்டுகளே 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்தன. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் சேர்ந்தன. அதனால்தான் ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி அரசுக் கல்லூரியில் படிக்கும் அக்காவுக்கு லீவு. கூனிமேட்டுப் பள்ளிக்குப் போகும் தம்பிக்கு லீவு இல்லை. அன்று காலை அந்த வீட்டில் நடக்கும் சண்டைக்கு இரண்டு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு!

சண்டையோடு போனால் பரவாயில்லை. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985-ல் உருவான புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. கூனிமேட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி கூட ஆகாது. குறிப்பிட்ட சில பாடப்பிரிவுகளில் நூற்றுக்கு 25 இடம் புதுச்சேரிப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு. ஆந்திரக் கரையில், 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஏனாமும் அந்தப் பிரதேசத்தில் அடக்கம், கூனிமேடு இல்லை. சட்டப்படி இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை லட்சத்தீவு, அந்தமான் வரை நீள்கிறது. கூனிமேடு இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளோ சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியதில் எனக்கு வழக்கில்லை. வளாகத்துக்கு நிலம் அவர்களுடையது, கேட்பது நியாயம். ஆனால் ஒதுக்கீட்டை எல்லைக்கோட்டில் அளந்ததுபோல, பஸ் ஏறி வரும் தூரத்தை வைத்தும் கொஞ்சம் அளந்திருக்கலாம். அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பத்து இடம் தனியாக வைத்தால் ஏனாம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

காலை பஸ்ஸில் இடம்பிடிப்பது, படிக்கட்டுப் பயணம், சாயங்கால வகுப்பு முடிந்து கடைசி வண்டியைத் துரத்துவது என்று சொல்ல வந்ததெல்லாம் அப்படியே நிற்கிறது. பக்கம் முடிந்துவிட்டது என்கிறார் ஆசிரியர். அடுத்த வாரம் நிச்சயமாகப் பஸ் ஏறுகிறோம்.

(தொடரும்)