கையெழுத்து வாப்பாவுடையது: புரஸ்டேட் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு முன்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் அறுபது தாண்டியவர் சலம் கழிக்க இரவில் நாலைந்து தடவை எழும்புவதை யாரும் நோயாக எடுப்பதில்லை. சலம் முற்றாக அடைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே டியூப் போட்டு, சில நாளில் சிறுநீர்ப் பாதை வழியாகப் புரஸ்டேட் சுரப்பியைச் சுரண்டி எடுத்து அனுப்புவார்கள். "புரஸ்டேட் ஒப்பரேஷன் முடிஞ்சிட்டு" என்று வீடு நிம்மதியாகிவிடும். ஆனால் சுரண்டியது உட்பகுதியை மட்டும்தான். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. சுரண்டி எடுத்த துண்டுகளுக்கும் ஒரு பரிசோதனை அறிக்கை வரும். அதை வாங்கி வைத்தியரிடம் காட்டும்வரை அந்த ஒப்பரேஷன் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

புரஸ்டேட்டுக்குச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையிலும் ஏமாற இடமுண்டு. கிருமித்தொற்றும் அண்மையில் போட்ட டியூபும் அதை உயர்த்திக் காட்டும். பினஸ்டிரைட், டுட்டாஸ்டிரைட் மாத்திரைகளை மாதக்கணக்கில் குடிப்பவருக்கோ அளவு ஏறத்தாழப் பாதியாகத் தெரியும். 3 என்று எழுதியிருந்தால் உண்மை 6 ஆக இருக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை மட்டையையும் எடுத்துப் போங்கள்.

சந்தேகத்தில் எடுத்த பயோப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டால் அது எந்த வகை என்பதே அடுத்த கேள்வி. பி.எஸ்.ஏ. 20க்கு மேல், பயோப்சி அறிக்கையிலுள்ள கிளீசன் எண் 8 முதல் 10 வரை, அல்லது கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலே அதிக ஆபத்துள்ள வகையாகக் கொள்வார்கள். எலும்புக்குப் பரவியது என்பது இதற்கு அர்த்தமல்ல. பரவியிருக்கிறதா என்பதை சி.டி., எலும்பு ஸ்கேன் போன்றவை சொல்ல வேண்டும். பெட் ஸ்கேன் தேவைப்பட்டால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அந்த இயந்திரம் உண்டு. கதீஜா அறக்கட்டளை முன்னின்று நாடு முழுக்க மக்களிடம் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது அது.

அதிக ஆபத்துள்ள இந்த வகைக்குச் செய்யும் சத்திரசிகிச்சை சுரண்டுவதல்ல. முழுச் சுரப்பியையும், விந்துப் பைகளையும், இடுப்புப் பகுதி நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, சிறுநீர்ப் பையைச் சிறுநீர்ப் பாதையோடு தைப்பார்கள். டியூப் ஓரிரு கிழமை இருக்கும். இது மட்டும்தான் வழி என்று யாராவது சொன்னால் அங்கே நின்று யோசியுங்கள். கதிர்வீச்சோடு இரண்டு, மூன்று வருட ஹோர்மோன் சிகிச்சை என்பதும் குணப்படுத்தும் நோக்கில் செய்யப்படுகிற முழுமையான சிகிச்சைதான். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட ஸ்கண்டிநேவிய நாடுகளில் எஸ்.பி.சி.ஜி.-15 என்ற ஆய்வை நடத்துகிறார்கள். ஒப்பரேஷன் செய்துகொண்டாலும் இந்த வகை நோயில் பலருக்குப் பின்னால் கதிர்வீச்சும் தேவைப்படும். ஆகவே வெட்டுகிற வைத்தியரை மட்டுமல்ல, புற்றுநோய் வைத்திய நிபுணரையும் சந்தித்த பிறகு முடிவெடுப்பதே சரி. அதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சில கிழமை பிந்துவதால் பெரும்பாலானவர்களுக்குக் கேடு வராது. பயோப்சிக்குப் பிறகு எப்படியும் அந்தளவு காத்திருக்க வைப்பார்கள்.

விதைகளை அகற்றும் ஒப்பரேஷன் வேறு கதை. அது ஆண் ஹோர்மோனை நிறுத்துவதற்கானது. பெரும்பாலும் நோய் பரவியவர்களுக்கு. செலவு குறைவு, ஆனால் திருப்பி வைக்க முடியாது. அதே வேலையை ஊசியும் செய்யும், ஊசி கிடைக்குமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "சின்ன ஒப்பரேஷன்தான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால் எந்த ஒப்பரேஷன் என்று பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் வீடுகளில் வைத்தியருடன் பேசுவது மகன்மார். வாப்பாவுக்கு "கட்டி" என்பதோடு சரி. அன்பினால்தான் மறைக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் சுயநினைவோடு இருக்கிற ஒருவரின் உடலுக்கு அவர்தான் சம்மதம் கொடுக்க வேண்டும். முழுச் சுரப்பியையும் அகற்றும் ஒப்பரேஷனுக்குப் பிறகு சலம் கசியலாம். அனேகருக்கு மாதங்களில் குறையும், சிலருக்கு நிற்காது. தாம்பத்திய உறவுக்கான விறைப்பு பலருக்குத் திரும்பாது, அதுவும் கட்டி நரம்பை ஒட்டியிருந்தால் நரம்பைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். விந்து வெளியேறாது. இதையெல்லாம் அவரும் உம்மாவும் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியவர்கள். மகன் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள் என்றால் மகன் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும்.

கசிவென்றதும் பலர் முதலில் நினைப்பது தொழுகையைத்தான். அந்தப் பயத்திலேயே சிகிச்சையை மறுத்தவர்களும் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் இதற்கு வழி இருக்கிறது: தொழுகை நேரம் வந்த பிறகு கழுவி, பேட் வைத்து, ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூச் செய்து தாமதமின்றித் தொழலாம். ஊர் மௌலவியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இடுப்புத்தசைப் பயிற்சியை ஒப்பரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் பழகினால் கசிவு சீக்கிரம் குறைய உதவும்.

கொழும்பிலோ மஹரகமவிலோ சம்மதப் படிவம் சிங்களத்தில் நீட்டப்பட்டால் புரியாமல் கையெழுத்திட வேண்டியதில்லை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. வீடு வரும்போது நோய் நிர்ணய அட்டை, பயோப்சி அறிக்கை, ஸ்கேன் எல்லாவற்றினதும் பிரதி கையில் இருக்கட்டும். அரச வைத்தியசாலை தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தவறு நடந்ததாக நினைத்தால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். வைத்தியரின் நடத்தை பற்றியது இலங்கை மருத்துவ சபைக்கு. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடக் கெடு. அரச வைத்தியசாலையில் அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரே மாதம். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. வழக்கு லேசானதல்ல. பிள்ளையை இழந்த ஒரு தகப்பன் வைத்தியப் பேராசிரியை பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா தீர்த்தது. 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது: கவனயீனம் இருந்தது, ஆனால் அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிறுவப்படவில்லை. பக்க விளைவு வந்துவிட்டது என்பது மட்டும் ஒரு வழக்காகாது. ஆபத்தைச் சொல்லாமலே வெட்டினார்கள் என்றால் அது வேறு.

ஒப்பரேஷன் அரச வைத்தியசாலையில் இலவசம். தனியாரில் செய்வதானால் காணியை ஈடு வைக்குமுன் ஜனாதிபதி நிதியத்தை விசாரியுங்கள். 2025 முதல் அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். செலவழித்த பிறகு போவதைவிட முன்பே போவது நல்லது. ஒப்பரேஷன் முடிந்து ஆறு, எட்டுக் கிழமையில் பி.எஸ்.ஏ. பாருங்கள். அது கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்க வேண்டும். பிறகு எப்போதாவது 0.2ஐத் தொட்டு, மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.