ஏரிக்குப் புதிய ஆயக்கட்டு

மேனாம்பேடு, அம்பத்தூர் ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் இடைப்பட்ட பகுதியில் வளர்ந்த குடியிருப்பு. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது; வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது; சுற்றுவட்டார வயல்கள் மனைகளாயின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு, தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. இந்த வளர்ச்சியில் ஏரியின் பரப்பு சுருங்கியது பற்றி நிறையப் பேசுகிறோம். அதைவிடப் பெரிய இழப்பு, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதுதான். பாசனம் நடந்த காலத்தில் மதகும் கலங்கலும் வரத்துக் கால்வாயும் சரியாக இருந்தால்தான் ஆயக்கட்டுக்காரர், அதாவது ஏரி நீர் பாயும் நிலத்துக்காரர், வீட்டில் நெல். அந்தத் தேவையே ஏரியைக் காத்தது. வயல் மனையானபோது நிலம் கைமாறியது, பொறுப்பு கைமாறவில்லை.

ஆனால் இன்று ஏரியை நம்பியிருப்பவர்கள் முன்பைவிட அதிகம். இங்கே பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியவை. ஏரியில் தேங்கும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கித்தான் சுற்றுப்புற நிலத்தடி நீரைத் தாங்குகிறது. ஏரிக்குள் கழிவுநீர் இறங்கினால் அதுவும் அதே வழியில் போர்வெல்லுக்கு வரும். அது எப்படி இறங்குகிறது என்பதைத் தெருவிலேயே பார்க்கலாம்: மழைநீர் வடிகாலின் பக்கச்சுவரைத் துளைத்து ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், கோடையிலும் அதில் சோப்பு நுரை வடியும். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போவதால், மேலே கலக்கும் அழுக்கு கீழே இருப்பவர் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது. ஆகவே ஏரியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளே இன்றைய ஆயக்கட்டு.

பாதாளச் சாக்கடை சரியாக இல்லாத தெருவில் மக்கள் என்னதான் செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடு கட்ட அனுமதி முந்திக்கொண்டது, குழாய் பிந்திவிட்டது. அதன் பழி குடியிருப்பவர் மேல் மட்டும் விழக்கூடாது. புறம்போக்கில் குடிசை போட்ட ஏழையை மட்டும் அகற்றினால் ஏரி மீண்டுவிடும் என்பதையும் ஏற்க முடியாது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் அரசே வள்ளுவர் கோட்டத்தைக் கட்டியது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பெரிய கட்டடத்துக்கும் பொருந்தும்.

கிருஷ்ணா நீரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் இருக்கும்போது இந்த ஏரிகள் எதற்கு என்பது இன்னொரு வாதம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றின. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் அப்போதும் இயங்கின. இருந்தும் தெருத்தெருவாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 2015 டிசம்பரில், வெள்ளம் வீடு புகுந்தது. பெய்யும்போது பிடித்துவைத்துக் காயும்போது கைகொடுக்கும் வேலையைக் குழாய் செய்யாது.

பொறுப்பை மக்கள் ஏற்பார்களா என்ற சந்தேகத்துக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கழிவுநீர் கலப்பதற்கு எதிராகக் கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. நடத்தியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். அதற்கு ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மேனாம்பேட்டின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் சாலை, தெருவிளக்கு மனுக்களோடு, தங்கள் தெரு வடிகால் எந்த ஏரியில் முடிகிறது, அதில் எத்தனை வீட்டுக் கழிவுக்குழாய் சேர்கிறது என்ற கணக்கையும் மண்டல அலுவலகத்தில் வைக்கலாம். அந்தக் கணக்கை எடுக்கத் தெருவில் இருப்பவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?