மென்பொருளுக்குள் ஒரு சாட்சி: 'அசர்ட்' சோதனையை எங்கே வைப்பது?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் அதற்குச் சாட்சி வைக்கவும் திருக்குர்ஆன் (2:282) வழிகாட்டுகிறது. மென்பொருளுக்குள்ளும் அப்படியொரு சாட்சி உண்டு. சி மொழியில் அதன் பெயர் 'அசர்ட்' மேக்ரோ. "இந்த இடத்தில் இது இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று புரோகிராமர் வைக்கும் சோதனை அது. அந்த நிபந்தனை பொய்யானால், ஃபைலின் பெயரையும் வரி எண்ணையும் காட்டிவிட்டு புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

நம் பிள்ளைகள் பலர் இத்துறையில் இருப்பதால், வாரிசுப் பங்கு கணக்கிடும் செயலி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம்.

மனைவியர் எண்ணிக்கையில் ஒருவர் தவறுதலாக 40 என்று தட்டிவிட்டால், அது பயனரின் பிழை. "சரிபார்த்து மீண்டும் உள்ளிடவும்" என்று சொன்னால் போதும். அங்கே அசர்ட் கூடாது. "கணக்கிடும் பகுதிக்கு இந்த எண் 4க்கு மேல் வரவே வராது" என்பது புரோகிராமரின் நம்பிக்கை. அசர்ட்டின் இடம் அதுவே.

இதில் ஓர் ஆபத்து உண்டு. 'என்டீபக்' என்ற அமைப்புடன் தொகுத்தால் அசர்ட் வரிகள் அனைத்தும் நீங்கிவிடும். வேகத்துக்காக, வெளியிடும்போது பலர் அப்படிச் செய்வதுண்டு. அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள்ளேயே சேமிக்கும் கட்டளையை எழுதியிருந்தால், சோதனையில் எல்லாம் சரியாக நடக்கும். மக்கள் கைக்குப் போனபின் எதுவும் சேமிக்கப்படாது. எனவே அசர்ட் பார்க்க மட்டுமே வேண்டும், எதையும் மாற்றக் கூடாது.

அதேபோல், "பங்குகளின் கூட்டுத்தொகை பிரிக்க வேண்டிய சொத்துக்குச் சமமா?" என்ற சோதனையை அசர்ட்டிடம் மட்டும் விடக் கூடாது. அது பிறர் உரிமை. வெளியீட்டிலும் நிலைக்கும் சாதாரண நிபந்தனையாக எழுதி, பொருந்தாவிட்டால் விடை காட்டாமல் நிறுத்த வேண்டும்.

எல்லா இடத்திலும் நிறுத்துவதும் சரியல்ல. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட லினக்ஸ் கெர்னலில் 'பக்_ஆன்' கணினியையே முடக்கிவிடக்கூடும். 'வார்ன்_ஆன்' எச்சரிக்கையைப் பதிவு செய்துவிட்டுத் தொடரும். புதிதாக 'பக்_ஆன்' சேர்க்க வேண்டாம் என்றே அதன் வழிகாட்டி ஆவணங்கள் சொல்கின்றன.

நின்றால் யாருக்கு இழப்பு, தவறாகத் தொடர்ந்தால் யாருக்கு இழப்பு? ஒவ்வொரு சோதனைக்கும் முன் இதைக் கேட்பதே அமானிதம் பேணும் வழி. நம் பிள்ளைகளின் உழைப்பை வல்ல அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்குவானாக!